மகா பராக்கிரமபாகுவும் புத்தளக் கரையும்

சிதறுண்ட நாடுகளை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த மன்னர் யார் என வினவின், உலக வரலாறு பயின்றோர் முதலிற் கூறுவது சீனத்துச் சின் ஷி ஹுவாங்கின் பெயரையே. கி.மு. 246 இலே, 13 வயதுச் சிறுவனாகச் சின் நாட்டின் அரியணையேறிய அவன், கி.மு. 230 இற்கும் 221 இற்கும் இடையில் ஆறு அரசுகளை ஒன்றன்பின் ஒன்றாக வென்று, அதுகாறும் எவரும் சூடாத 'முதற் பேரரசன்' என்னும் பட்டத்தைத் தானே சூடிக்கொண்டான். நாட்டை 36 மாவட்டங்களாக வகுத்தான். எழுத்து, நாணயம், நிறுத்தலளவை, முகத்தலளவை, வண்டியச்சின் நீளம் ஆகிய யாவற்றையும் ஒருமைப்படுத்தினான். கி.மு. 210 இலே அவன் மாண்டான்; அடுத்த ஆண்டே கிளர்ச்சி மூண்டது; நான்கு ஆண்டுகள் கழியுமுன் அவன் மரபு வேரற்றுப் போயிற்று.

இவ்வரலாற்றை வியப்போடு படிக்கும் நம் மாணவர் பலர், அதனை ஒத்த முயற்சியொன்று தம் வீட்டு வாசலிலேயே தொடங்கியது என்பதை அறியார். மூன்று கூறாய்க் கிடந்த இலங்கையை 12 ஆம் நூற்றாண்டிலே ஒன்றாக்கிய முதலாம் பராக்கிரமபாகுவை, பாடநூல்கள் பொலன்னறுவையோடு பொருத்தியே பேசுகின்றன. அப்பெருநகரும் அதன் கடல்போன்ற ஏரியும் நம் கண்ணை மறைத்துவிடுகின்றன. ஆயின் அவன் வளர்ச்சியின் விளைநிலம் பொலன்னறுவையன்று. நமது சிலாபத்திலே கடலொடு கலக்கும் தெதுறு ஓயாவின் வடிநிலமும், அதனை அடுத்த முத்துக் கடலுமே அவ்விளைநிலம். இதனைச் சற்று விரித்துக் கூறுதலே இக்கட்டுரையின் கருத்து.

ஏறக்குறைய பதினான்கு நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்த இரு மன்னரை ஒரே தராசில் இட்டு நிறுத்தல் பொருந்தாது. எனினும் இருவர் வரலாற்றுக்கும் பொதுவான வினா ஒன்றுண்டு. பெரிய அரசுகளின் நடுவே இருந்த ஒரு சிறுநாடு எங்ஙனம் வலிமை பெற்றது? அவ்வலிமைக்குரிய விலையைக் கொடுத்தவர் யாவர்?

முதலிற் குலமுறை கூறவேண்டும். சோழராட்சியை 1070 இலே முடிவுறுத்திய முதலாம் விசயபாகு, தன் தங்கை மித்தையைப் பாண்டிய இளவரசன் ஒருவனுக்கு மணம் முடித்துக் கொடுத்தான். அவர்தம் மகன் மானாபரணன். மானாபரணனுக்கும் விசயபாகுவின் மகள் இரத்தினாவலிக்கும் பிறந்தவனே பராக்கிரமபாகு. எனவே தந்தைவழிப் பாட்டனார் பாண்டியர். சிங்களப் பேரரசன் என நாம் பயிலும் மன்னனின் உடலிலே மதுரைக் குருதியும் ஓடியது. அக்காலத்து அரச குடும்பங்கள் மொழியெல்லை கருதி மணம் பேசவில்லை என்பதை இன்றைய வாசகர் மனத்திருத்துதல் நன்று.

1110 இலே விசயபாகு மறைந்ததும் நாடு பிளந்தது. பொலன்னறுவையைத் தலைநகராகக் கொண்ட இராசரட்டை விக்கிரமபாகுவிடமும், பின் அவன் மகன் இரண்டாம் கசபாகுவிடமும் இருந்தது. தெற்கே உறுகுணையும், மேற்கே தக்கிணதேசமும் மித்தையின் மக்கள் வசமாயின. தக்கிணதேசத்தின் அதிபதியாயிருந்த சிறிய தந்தை கீர்த்திசிறீமேகனின் பின், ஏறத்தாழ 1140 இலே பராக்கிரமபாகு அந்நாட்டைப் பெற்றான். இன்று சிலாபத்துக்கும் வாரியப்பொலைக்கும் இடைப்பட்ட பாதையிலே காணப்படும் பண்டுவஸ்நுவர இடிபாடுகளே அவன் அமைத்த தலைநகர் என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. விடுமுறை நாளிலே அங்கே செல்லும் மாணவர், வழிகாட்டிகள் கூறும் ஒற்றைத்தூண் மாளிகைக் கதையைக் கேட்டுத் திரும்பிவிடுகின்றனர். அகழியும் மதிலும் சூழ்ந்த அவ்வரண்மனையின் அடித்தளத்தை ஒருமுறை சுற்றி நடந்து பார்ப்பின், பொலன்னறுவை அரண்மனையின் முன்மாதிரி கண்முன் நிற்பதை உணர்வர்.

இச்சிறுநாட்டிலே பெருநகர் இல்லை. தொன்மையான பெருங்குளங்களும் இராசரட்டையோடு ஒப்பச் சிலவே. இருந்தது ஓர் ஆறு. மலைநாட்டின் அடிவாரத்திலே தோன்றி 140 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் தெதுறு ஓயா, மழைக்காலத்திலே கரைபுரண்டும் கோடையிலே மணல் தெரியவும் ஓடும் இயல்பினது. சூளவம்சம் இதனைச் சச்சர நதி எனக் குறிக்கும். இவ்வாற்றை மறித்துக் கொத்தபத்தம் என்னும் அணையைக் கட்ட அவன் முனைந்தபோது, அஃது இயலாதென்றும், கட்டினும் நில்லாதென்றும் அதிகாரிகள் தடுத்தனராம். அவன் கேட்கவில்லை. அணை எழுந்தது, கால்வாய்கள் வெட்டப்பட்டன, பண்டாவாவி பெருப்பிக்கப்பட்டது, சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டு வயலாயின. நிக்கவெரட்டியவிலுள்ள மாகல்லைக் குளமும் அவன் திருத்தியவற்றுள் ஒன்று.

வானினின்று விழும் நீரிலே சிறிதளவேனும் மக்களுக்குப் பயன்படாது கடலைச் சேர்தல் கூடாது என்று அவன் கூறியதாக ஒரு செய்தி பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதனைப் பராக்கிரம சமுத்திரத்தின் கரையிலே நின்று கூறியதாகவே பலரும் எண்ணுவர். ஆனால் சூளவம்சத்தின் வைப்புமுறையை நோக்கின், அஃது அவன் தக்கிணதேசத்து அதிபதியாய் மட்டும் இருந்த காலத்தில், இவ்வாற்று வேலைகளைத் தொடங்குமுன் அமைச்சர்க்கு உரைத்ததாகும். ஆற்றின் முடிவிடத்தை நோக்கினால், அவன் தடுக்க எண்ணிய நீர் சென்று வீழ்ந்த கடல் நமது சிலாபக் கடலே.

இங்கே சீனத்தை ஒருகணம் நினைவுகூரல் தகும். சின் நாட்டின் படையெடுப்புக்கு அஞ்சிய ஹான் அரசு, செங் குவோ என்னும் நீர்ப்பொறிவல்லோனைச் சின் நாட்டுக்கு அனுப்பிப் பெருங்கால்வாயொன்றை வெட்டத் தூண்டியது. அவ்வேலையிலே பொருளும் ஆளும் தேய்ந்து சின் நாடு போரை மறக்கும் என்பது சூழ்ச்சி. உண்மை வெளிப்பட்டபோது, தான் ஒற்றனே எனினும் கால்வாய் முடிந்தால் அதனாற் பயன்பெறுவது சின் நாடே என அவன் வாதிட்டான். வேலை தொடர்ந்தது. வறண்ட நிலம் நெற்களஞ்சியம் போன்று தானியம் சொரிந்தது. சூழ்ச்சி செய்த ஹான் நாடே கி.மு. 230 இல் முதலில் வீழ்ந்தது. நீரை ஆண்டவன் சோற்றை ஆள்வான். சோற்றை ஆண்டவனே படையை நீடித்து நிறுத்துவான் என்னும் உண்மையைத் தெதுறு ஓயாக் கரையிலே இளவரசன் எவரிடமும் கற்றிருக்க வேண்டியதில்லை.

நெல் படைக்கு உணவாயிற்று. பொன்னுக்கு வழி யாது? அதற்குக் கடல் இருந்தது. முத்துச்சிப்பி வளரும் கடலடித் திட்டுகளை நம் பரதவர் 'பார்' என்பர். மன்னார்க் கடல் தொடங்கிக் குதிரைமலை, கற்பிட்டி கடந்து சிலாபம் வரை இப்பார்கள் பரந்து கிடந்தன. சிலாபம் என்னும் பெயரே முத்துக்குளிப்பைக் குறிக்கும் 'சலாபம்' என்னுஞ் சொல்லின் திரிபு என்பர். தென்மேற்குப் பருவக்காற்று எழுமுன், கடல் தெளிந்து அடங்கியிருக்கும் சில கிழமைகளே குளிப்புக்குரியவை. அச்சில கிழமைகளில் ஓர் அரசின் ஆண்டு வருவாயே கரையேறிவிடும்.

மணியும் முத்தும் போன்ற விலையுயர் பொருள்கள் விளையும் இடங்களைப் பராக்கிரமபாகு பொது நிருவாகத்தினின்றும் பிரித்து, 'அந்தரங்கதுரம்' என்னும் தனித்துறையின்கீழ் வைத்தான். கப்பல்களிலே மணிகளை ஏற்றி அயல்நாடுகளுக்கு அனுப்பிப் பொருளீட்டினான். பின்னர்க் கசபாகுவோடு பகை மூண்டபோது, மலைநாட்டை வசப்படுத்தியதோடு, முத்துக்கரைப் பகுதியையும் கைப்பற்றினான்; அங்கே நிலத்திலன்றிக் கடலிலும் போர் நிகழ்ந்தது. நெடுநாள் நிகழவிருந்த போருக்கு முன்னே அவன் கை நீண்டது பகைவன் கருவூலத்தை நோக்கியே என்பது கவனிக்கற்பாலது.

போரின் நெளிவுசுளிவுகளை இங்கே விரிக்க இடமில்லை. கசபாகு சிறைப்பட்டான், விடுபட்டான். உறுகுணை மானாபரணன் ஒருகால் அவனுக்குத் துணையானான், ஒருகால் பகையானான். இறுதியிலே கசபாகுவும் பராக்கிரமபாகுவும் செய்துகொண்ட உடன்படிக்கை சங்கமு விகாரையிலே கல்லிற் பொறிக்கப்பட்டது. 1153 இலே கசபாகு மாய, உறுகுணையானையும் வென்று பராக்கிரமபாகு முழு இலங்கைக்கும் முடிசூடினான்.

அடுத்த 33 ஆண்டுகளின் ஆக்கங்கள் நாடறிந்தவை. 163 பெருங்குளங்கள், 2,376 சிறுகுளங்கள், 165 அணைகள், 3,910 கால்வாய்கள் என்று அவன் கட்டியனவும் திருத்தியனவும் கணக்கிடப்படுகின்றன. அம்பன் கங்கையின் நீரைப் பெறும் பராக்கிரம சமுத்திரத்தின் அணைக்கட்டு மட்டும் ஏறத்தாழ 14 கிலோமீற்றர் நீளமுடையது. மகாவிகாரை, அபயகிரி, சேதவனம் என மூன்றாய்ப் பிரிந்து பூசலிட்ட பௌத்த சங்கத்தை 1165 இலே கூட்டி ஒன்றாக்கினான். சீனப் பேரரசனோ கி.மு. 213 இலே தன் கொள்கைக்கு ஒவ்வாத நூல்களைத் தீயிடுவித்தான். இவன் வற்புறுத்தியும் வாதிடவைத்தும் ஒற்றுமை தேடினான். ஒழுக்கம் தவறியோரைச் சங்கத்தினின்றும் விலக்கினான் எனினும், ஏடுகளை எரித்தான் என்ற பழி அவனுக்கில்லை.

தமிழ் வாசகர்க்கு மேலும் சுவை பயப்பது ஒன்றுளது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலே காணப்படும் கல்வெட்டொன்று இம்மன்னனின் ஆணையைத் தாங்கி நிற்கின்றது. அயல்நாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்குதல் வேண்டும், அவர்க்குப் பாதுகாப்பு அளித்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, எஞ்சியது உடையவனுக்கு. சரக்கு மரக்கலம் உடைந்தாற் செம்பாதி. நூறாண்டு கடலோடியவர் எழுதியது போன்ற தெளிவு! யானை, குதிரை இரண்டும் படைக்கு வேண்டியவை. அவற்றைக் கொணர்வோன் அஞ்சித் திரும்பிவிடலாகாது என்ற கணக்கு அதிலே இருக்கின்றது. அவ்வாணை எழுதப்பட்ட மொழி தமிழ். சின் ஷி ஹுவாங் தன் பேரரசின் மூலைமுடுக்கெங்கும் ஒரே எழுத்தைத் திணித்தான். பராக்கிரமபாகு துறைமுகத்து மக்கள் எம்மொழி பேசினரோ அம்மொழியிலேயே சட்டம் செய்தான். நாட்டை ஒன்றாக்க மொழியை ஒன்றாக்குதல் இன்றியமையாதது என அவன் எண்ணியதற்குச் சான்றில்லை.

இனி விலையைப் பற்றிக் கூறுவோம். உறுகுணை எளிதில் அடங்கவில்லை. மானாபரணனின் தாய் சுகலை தந்ததாதுவைத் தன்பால் வைத்துக்கொண்டு மக்களைத் திரட்டிப் போரிட்டாள். அக்கிளர்ச்சியை அடக்கிய முறையிலே கழுவேற்றமும் தீயிடலும் இருந்தமையை, மன்னனைப் புகழ்ந்து பாடும் சூளவம்சமே மறைக்கவில்லை. 1168 அளவிலே மாதோட்டப் பகுதியிலும் கிளர்ச்சி எழுந்து ஒடுக்கப்பட்டது. யானை வணிகத்திலே விளைந்த பூசல் காரணமாகப் பர்மாவுக்குக் கடற்படை சென்றது. பாண்டிநாட்டு வாரிசுரிமைப் போரிலே இலங்காபுரன் என்னும் தளபதி இராமேசுவரத்தைக் கைப்பற்றிக் குந்துகாலிலே பராக்கிரமபுரம் என்னும் அரணமைத்தான். அப்போரிலே சிறைப்பட்ட தமிழரைக் கொண்டே அநுராதபுரத்து மாதூபி பழுதுபார்க்கப்பட்டது என்றும் அந்நூல் பெருமையோடு கூறுகின்றது.

அப்போரின் முடிவைச் சூளவம்சம் வெற்றியாகவே நிறுத்திவிடுகின்றது. சோழர் கல்வெட்டுகளைப் பார்த்தால் வேறு கதை: இலங்காபுரனின் தலை மதுரைக் கோட்டை வாயிலிலே ஆணியறைந்து வைக்கப்பட்டது என்று அவை கூறும். 1178 அளவிலே பொறிக்கப்பட்ட திருவாலங்காட்டுக் கல்வெட்டு, ஊராத்துறை, மாதோட்டம், வல்லிகாமம் முதலிய இடங்களிலே பராக்கிரமபாகு மீண்டும் படை திரட்டிப் படகு கட்டுவித்ததையும், அவனை எதிர்க்கச் சோழர் அவனது மருமகன் சீவல்லபனையே ஏவியதையும் தெரிவிக்கின்றது. வடகரைத் துறைகள் வணிகர்க்குப் புகலிடமாயிருந்த காலமும், படகுத் தச்சரும் படைவீரரும் நிறைந்த பாசறைகளான காலமும் ஒரே ஆட்சியிலே அமைந்தன.

மக்கள் என்ன நினைத்தனர்? அவர் எழுதிய கல்வெட்டு எதுவுமில்லை. ஆயின் 1187 இலே அரியணையேறிய நிச்சங்கமல்லன், முன்னைய பராக்கிரமபாகு மன்னனின் அளவிறந்த வரிகளாலே குடிகள் வறுமையுற்றனர் என்றும், தான் ஐந்தாண்டுக்கு வரி நீக்கினான் என்றும் கல்லிலே வெட்டுவித்தான். தற்புகழ்ச்சியிலே இவனுக்கு இணை இலங்கை வரலாற்றில் இல்லை. ஆதலால் அவன் சொல்லை அப்படியே ஏற்றல் கூடாது. ஆனால் முற்றிலும் பொய்யான குறையைக் கூறி ஒரு மன்னன் குடிகளின் நன்றியைப் பெறவியலுமா? அணைகளின் மண்ணைச் சுமந்த தோள்களும், பர்மாவுக்குச் சென்ற கப்பல்களுக்கு ஈந்த நெல்லும் யாருடையவை என்பதை அவ்வரிகள் நினைவூட்டுகின்றன.

இவ்விடத்திலே சீனத்தின் அனுபவம் நமக்குப் பயன்படும். சின் ஷி ஹுவாங்கைக் கொடியவனாகக் காட்டிய சூமா சியன், அம்மரபை வீழ்த்தி எழுந்த ஹான் பேரரசின் வரலாற்றாசிரியன். கட்டாய வேலைக்குக் காலந்தாழ்ந்து வருவோர்க்கு மரணமே தண்டனை என்பதனாற்றான் கிளர்ச்சி வெடித்தது என்பது அவன் நூலிலே காணும் செய்தி. ஆனால் 1975 இலே சுயிஹூதி என்னும் இடத்துக் கல்லறையொன்றிற் கிடைத்த மூங்கிலேடுகளிலே சின் நாட்டுச் சட்டம் எழுதியிருக்கின்றது: மூன்று முதல் ஐந்து நாள் பிந்தினோர்க்குக் கண்டனம், அதற்குமேல் ஒரு கேடயம் தண்டம், பத்து நாளையும் கடந்தால் ஒரு கவசம். கடுமையான ஆட்சியே, ஆயினும் கதையிலே வந்த ஆட்சியன்று. சீனனைப் பகைவன் எழுதினான், கருமை மிகுந்தது. நம் மன்னனை அவன் ஆதரித்த சங்கத்துத் துறவியர் மரபு எழுதிற்று, வெண்மை மிகுந்தது. இரண்டையும் திருத்துவது மண்ணிலே கிடைக்கும் எழுத்தே. மாணவர் இதனை மனங்கொள்ள, இன்னுமொன்று கூறுவேன்: முன்னேசுவரத்திலே பராக்கிரமபாகுவின் சாசனம் இருப்பதாகக் கேள்வியுற்று, அதனை இம்மன்னனுடையது எனக் கட்டுரை எழுதிவருவோர் உளர். அது 15 ஆம் நூற்றாண்டிலே கோட்டையிலிருந்து ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகுவினது. ஒரே பெயருடைய அரசர் பலர் இருந்த நாட்டிலே எண்ணைக் கவனியாது எழுதலாகாது.

1186 இலே அவன் மறைந்தான். அவன் தேவி லீலாவதி மும்முறை அரியணையேற்றப்பட்டு மும்முறை இறக்கப்பட்டாள் எனின் நிலைமை தெளிவாகும். 1215 இலே கலிங்க மாகன் பொலன்னறுவையைக் கைக்கொண்டான். தலைநகர் தம்பதெனியா, யாப்பகூவை, குருநாகல் என நகர்ந்தது. இவை யாவும் பழைய தக்கிணதேசத்துள் அடங்குபவை. பராக்கிரமபாகு எழுந்து சென்ற நிலத்துக்கே அரசு திரும்பி வந்து ஒதுங்கியது. அவன் தலைநகரின் பெருங்குளங்கள் காடேறின. அவன் கைப்பற்றிய முத்துக் கடலோ வேறு கைக்கு மாறிற்று. 1344 இலே இங்கு வந்திறங்கிய இபுனு பதூதா, பத்தாலா என்னும் ஊரிலே ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, அவர்முன் குவிந்திருந்த முத்துகளை வியந்து எழுதுகின்றான். கரையிலே கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்தமையையும் குறிக்கின்றான். பத்தாலா என்பது நமது புத்தளம். யாழ்ப்பாணத்து மன்னர் இங்கிருந்து அவனைப் பல்லக்கேற்றிச் சிவனொளிபாதமலைக்கு அனுப்பினார்.

சீனத்திலே அரசமரபு அழிந்தும் மாவட்ட ஆட்சியும் ஒரே எழுத்தும் ஹான் மன்னரால் ஏற்கப்பட்டு நிலைத்தன. ஏனெனில் அவை ஏட்டிலும் அலுவலரிடத்தும் வாழ்ந்தவை. பராக்கிரமபாகுவின் ஆக்கம் மண்ணிலும் நீரிலும் அமைந்தது. ஆண்டுதோறும் கரையை மிதித்துத் திருத்த ஆளில்லையேல் ஒரு பெருமழை போதும். அதனாலேயே அவன் அரசியல் ஒருமை முப்பதாண்டும் நிலைக்கவில்லை. ஆனால் ஆற்றின் சாய்வு மாறவில்லை. ஒருமுறை அணை கட்டிய இடம் எதுவென்பதை நிலமே அடுத்து வருவோர்க்குக் காட்டிக் கொடுத்தது. மாகல்லைக் குளத்துக்குத் தெதுறு ஓயாவின் நீரைக் கொணரும் ரிதிபெந்தி எல இன்றும் வயலை நனைக்கின்றது. 2014 இலே தெதுறு ஓயாவின் குறுக்கே புதிய நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. அதன் வலக்கரைக் கால்வாய் ஆற்றுவடிநிலத்தையே தாண்டி, நமது மாவட்டத்து இங்கினிமிட்டிய நீர்த்தேக்கத்தை நோக்கி நீரைக் கொண்டுசெல்ல அமைந்தது. இங்கினிமிட்டிய மீ ஓயாவின் மேலது. மீ ஓயா முடிவது புத்தளக் களப்பிலே.